தபாலில் வரும் "இலவசச் சுற்றுலா" கடிதம்: அதில் உள்ள நம்பருக்கு போன் போடும் முன் பார்க்க வேண்டியவை

இப்போதெல்லாம் தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவதே குறைவு. வந்தால் ஆதார், பான் அட்டை, எல்ஐசி கடிதம், வங்கி நோட்டீஸ் என்று ஏதாவது முக்கியமானதாகத்தான் இருக்கும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் வரும் பரிசுச் செய்தியைத் தொடக்கூட மாட்டேன் என்கிற பெரியவர்கள், பேரும் விலாசமும் அச்சடித்த கவர் ஒன்று வந்தால் நம்பிவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். கவரைப் பிரித்துப் படிப்பது அப்பாவும் அம்மாவும்தான். "வாழ்த்துகள்! இருவருக்கு கோவா சுற்றுலா முற்றிலும் இலவசம்" என்று தங்க நிற எழுத்தில் இருக்கும். கீழே ஒரு போன் நம்பர், 7 நாள் கெடு.

அந்தக் கடிதத்துக்கு ஒரே வேலைதான்: உங்களை அந்த நம்பருக்கு போன் போட வைப்பது. பேசிப் பேசிப் பழகியவர் எதிர்முனையில் இருப்பார். அவர் கேள்வி கேட்பார், அவசரப்படுத்துவார், நீங்கள் தயங்கினால் அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். காகிதத்தால் இதெல்லாம் முடியாது. அது மேசைமேல் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆகவே செய்ய வேண்டிய சோதனைகளை எல்லாம் காகிதம் மட்டும் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதலில் கவர்

உங்கள் பெயர் இருக்கிறதா, அல்லது "அன்புள்ள வாடிக்கையாளரே", "குடும்பத் தலைவர் அவர்களுக்கு" என்று இருக்கிறதா பாருங்கள். பெயரோ விலாசமோ இல்லாத விளம்பரத் தாள்களை ஒரு பகுதி முழுக்க வீடு வீடாகக் கொடுக்க, அஞ்சல் துறையிலேயே டைரக்ட் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது. அப்படி வந்த தாள் "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்று சொன்னால், உங்கள் தெரு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெயர் சரியாக இருந்தாலும் அது எதையும் நிரூபிக்காது. துணிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கண்காட்சி ஸ்டாலிலும் பெட்டியில் போடச் சொல்லி ஒரு குலுக்கல் கூப்பன் கொடுப்பார்களே, அதில் பெயர், விலாசம், செல் நம்பர், கல்யாண நாள், மாதச் சம்பளம் வரை எழுதிக் கொடுத்திருப்போம். விலாசம் கைமாற அது போதும்.

ஸ்பீடு போஸ்ட்டில் வந்தது என்பதும் அப்படித்தான். இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் ஐஎன் என்று 13 இடம் கொண்ட எண்ணை வைத்து, கவர் எங்கே பதிவாகி எப்போது வந்தது என்று பார்க்கலாம். அனுப்பியவர் யோக்கியமானவரா என்பதை அது சொல்லாது. கவருக்குள் இருப்பது உண்மையா என்று அஞ்சல் துறை பார்ப்பதில்லை. ஆனால் ஒன்றுக்கு உதவும். கடிதத்தில் சென்னை அலுவலகம் என்று போட்டிருந்து, கவர் பதிவான ஊர் வேறு மாநிலமாக இருந்தால் கேள்வி எழும். அனுப்பியவர் விலாசத்தின் பின்கோடையும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பின்கோடு எல்லாம் 6-இல் தொடங்கும். தர்மபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. விலாசத்தில் சென்னை என்று போட்டு பின்கோடு 1-இல் தொடங்கினால் அது டெல்லி, ஹரியானா, பஞ்சாப் போன்ற வட மாநிலப் பக்கம்.

சிங்க முத்திரை அச்சடித்த தனியார் கடிதம் வந்தால் அதற்கு மேல் படிக்கவே வேண்டாம். தேசியச் சின்னத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது.

வி.பி.பி. தபாலாகவோ, வாசலில் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பார்சலாகவோ "பரிசு வவுச்சர்" வந்தால் வாங்க மறுத்துவிடலாம். மறுப்பதற்கு உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, தபால்காரரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பணம் கொடுத்துப் பிரித்த பிறகுதான் தலைவலி தொடங்கும்.

எந்தப் போட்டியில் ஜெயித்தீர்கள்?

கடிதத்தில் இதற்குப் பதில் இருக்க வேண்டும். எந்தக் கடை, எந்தக் கூப்பன், எந்தத் தேதியில் குலுக்கல் என்று இருக்க வேண்டும். "எங்கள் கணினி உங்கள் எண்ணைத் தேர்ந்தெடுத்தது" என்பது பதில் ஆகாது. "லாட்டரியில் விழுந்தது" என்று எழுதியிருந்தால் இன்னும் சுலபம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. வாங்காத சீட்டில் பரிசு விழவும் விழாது.

சுரண்டிப் பார்க்கும் அட்டை வைத்திருந்தால் ஆசை இன்னும் கூடும், ஏனென்றால் நம் கையாலேயே சுரண்டி நாமே கண்டுபிடிக்கிறோம். ஆனால் அத்தனை அட்டையிலும் ஒரே பரிசை அச்சடித்து அனுப்ப அவர்களுக்கு என்ன தடை?

"இலவசம்" என்றால் என்ன என்று சட்டமே சொல்கிறது

இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் இலவச விளம்பரங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விளம்பரத்துக்குப் பதில் அனுப்பும் செலவு, பொருளைப் போய் வாங்கும் அல்லது வரவழைக்கும் செலவு, இந்தத் தவிர்க்க முடியாத செலவுகளைத் தவிர வேறு எதற்காவது பணம் கேட்டால் அதை "இலவசம்" என்று சொல்லக் கூடாது. பேக்கிங், கையாளுதல், நிர்வாகக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அப்படித்தான். இலவசத்தைப் பெற நுகர்வோர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இனி கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். "பிராசசிங் ஃபீஸ் மட்டும்", "பதிவுக் கட்டணம்", "திரும்பக் கிடைக்கும் டெபாசிட்", "இன்சூரன்ஸ்" என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது விலை போட்ட சுற்றுலா. விலை போட்டு விற்பது தப்பில்லை, இலவசம் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. தவறான விளம்பரம் கொடுத்தவருக்கு அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

"பரிசுக்கு வரி கட்ட வேண்டும்" என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு என்றால் கொடுப்பவர் 30 சதவீத வருமான வரி பிடிக்க வேண்டும், பொருளாகக் கொடுக்கும் பரிசு என்றால் வரி கட்டிய பிறகுதான் கொடுக்க வேண்டும். இந்த விதியைக் காட்டித்தான் பணம் கேட்பார்கள். ஆனால் உண்மையான வரி உங்கள் பான் எண்ணில் அரசுக் கணக்கில் சேரும், வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் கணக்கிலேயே தெரியும். யாரோ ஒருவருடைய ஜிபே நம்பருக்கு வரி கட்டும் முறை இந்த நாட்டில் எங்கும் இல்லை.

பொடி எழுத்தைக் கணக்காக மாற்றுங்கள்

நட்சத்திரக் குறி போட்டுக் கடைசியில் இருக்கும் பொடி எழுத்தை ஒருவரைவிட்டு சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, கோவா, 3 பகல் 2 இரவு, இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் மதியம் 2 மணிக்கு அறை கொடுத்து மூன்றாம் நாள் காலை 11 மணிக்குக் காலி செய்யச் சொன்னால் மொத்தம் 45 மணி நேரம். அறை மட்டும்தான் இலவசமா, சாப்பாடும் உண்டா? பெரும்பாலும் காலை டிபன்கூட இருக்காது. போக்குவரத்து உங்கள் செலவு என்று ஒரு வரி இருக்கும். விமான டிக்கெட் இலவசம் என்றே சொன்னாலும், எந்த ஊரிலிருந்து என்று பாருங்கள். மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ என்றால் அரூரில் இருப்பவருக்கு அது எந்த வகையில் இலவசம்? பெங்களூரு என்றாலும் விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர்க்காரர்கூட நகரம் முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். அந்த வண்டி வாடகையையும் எழுதுங்கள்.

அப்புறம் தேதி. "மூன்று தேதிகள் கொடுங்கள், 45 நாள் முன்னதாகச் சொல்லுங்கள், அறை இருந்தால் உறுதி செய்வோம்" என்று இருந்தால், உறுதி செய்யாமலே காலம் கடத்த அந்த ஒரு வரி போதும். ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல், டிசம்பர் கடைசி வாரம் எல்லாம் செல்லாது என்றும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் வேறு எப்போது போக முடியும்? வவுச்சர் 6 மாதத்தில் காலாவதி என்றால், விடுமுறை வருவதற்குள் அது செத்துப்போகும்.

கூட்டிப் பார்த்த தொகையையும், அதே ஊருக்கு நீங்களே ரயில் டிக்கெட் எடுத்து அறை போட்டால் ஆகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பல நேரம் "இலவசம்" தான் அதிக விலையாக நிற்கும்.

நிறுவனம் இருக்கிறதா என்று பார்ப்பது

இதற்குச் செல்போன் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. கடிதத்தில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது 15 இடம் கொண்டது. முதல் இரண்டு எண் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, டெல்லிக்கு 07. அடுத்த பத்து இடம் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்தவரின் பெயர், பதிவான தேதி, இப்போது உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். "20 ஆண்டு பாரம்பரியம்" என்று எழுதிய கம்பெனி போன மாதம் பதிவு செய்ததாக இருந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது. பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருந்தால் 21 இடம் கொண்ட கம்பெனிப் பதிவு எண் இருக்கும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடலாம்.

எண்ணே இல்லை என்றால்? அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எண் சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு நல்ல நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அச்சடித்துவிட்டு, போன் நம்பரை மட்டும் தங்களுடையதாகப் போடுவது பழைய வழக்கம். அதனால் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள நம்பரை எடுத்து, அதில் கேளுங்கள். ஹோட்டல் பெயர் இருந்தால் ஹோட்டலுக்கே போன் போட்டு, "இந்த வவுச்சரை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நேரில் வந்து பரிசை வாங்கிக்கொள்ளுங்கள்"

பணமே கேட்காத கடிதங்களும் உண்டு. ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், இலவச டிபன், 90 நிமிடம் உட்கார்ந்தால் சுற்றுலா வவுச்சர். இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் இங்கே போகிற தொகை ஆயிரங்களில் நிற்பதில்லை, லட்சங்களில் போகிறது.

நிபந்தனைகளைப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் கட்டாயம் வர வேண்டும். மாதச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு கொண்டுவர வேண்டும். இலவசமாகக் கொடுக்கிறவருக்கு என் கார்டு எதற்கு? இருவரையும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்றால், "வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்று எழுந்துவிட வழி இருக்கக் கூடாது என்பதற்காக.

அங்கே விற்பது ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப். 10 அல்லது 25 வருடத்துக்கு, வருடத்தில் ஒரு வாரம் அவர்கள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை. இந்த வியாபாரமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பயன்படுத்தி மகிழ்கிற குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் அதை வாங்க நினைக்கிறவர் தானே தேடிப்போய் விசாரித்து வாங்க வேண்டும். இலவச டிபனுக்குப் போன இடத்தில் வாங்கக் கூடாது. 90 நிமிடம் மூன்று மணி நேரம் ஆகும். பாட்டு சத்தமாக ஓடும். பக்கத்து மேசையில் ஒருவர் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லிக் கை தட்டுவார்கள். நீங்கள் மறுத்தால் "மேனேஜர்" வருவார், விலையைப் பாதியாக்குவார், "இந்த விலை இன்றைக்கு மட்டும்" என்பார்.

போயே தீருவேன் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். கிரெடிட் கார்டையும் காசோலையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், யுபிஐ வரம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பேன் என்று சொல்லுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே பதில். ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: வருடாவருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஏறுமா? போகாத வருடமும் கட்ட வேண்டுமா? எத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும்? வாயால் சொன்ன இலவச விமான டிக்கெட், இலவசச் சாப்பாடு எல்லாம் எழுத்தில் இருக்கிறதா? இ.எம்.ஐ. என்றால் இன்னொன்றும் உண்டு. கடன் கொடுப்பது தனி நிதி நிறுவனம். கிளப் மூடிப்போனாலும் தவணை உங்கள் கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். விற்பவர் "இது சொத்து மாதிரி சார்" என்பார். பட்டா இல்லை, கிரயப் பத்திரம் இல்லை, விற்கப்போனால் வாங்க ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

போனில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால்

வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். நீங்களே கேள்வி கேளுங்கள்: நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, அதை எழுத்தில் அனுப்புவீர்களா, பணம் எந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும்? யுபிஐயில் பணம் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயர் திரையில் வரும். கம்பெனி பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஓடிபி சொல்லக் கூடாது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடவே தேவையில்லை, பின் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது. கடிதத்திலேயே அச்சடித்திருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டாம். "டிக்கெட் ஆப்" என்று வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பினால் திறக்க வேண்டாம்.

உண்மையிலேயே இலவசமான பயணங்களும் உண்டு

இந்து சமய அறநிலையத் துறை, 60 முதல் 70 வயதுள்ள மூத்த குடிமக்களைக் காசிக்கும் அறுபடை வீடுகளுக்கும் அரசு செலவில் அழைத்துப் போயிருக்கிறது. அதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும், நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும், வயது, வருமானம், உடல்நிலைச் சான்று கேட்பார்கள், துறையின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள். பெற்றோருக்கு ஆசை இருந்தால் அந்த அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். அரசுத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, நீங்கள் விண்ணப்பிக்காமலே வந்த கடிதம் என்றால் துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

பணம் போய்விட்டால்

ஆன்லைனில் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் சொல்லி எழுத்தில் புகார் எண் வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவில் வருகிறது, 7 ஆண்டு வரை சிறை உண்டு.

ஏமாற்று என்று சொல்ல முடியாத, ஆனால் சொன்னதைச் செய்யாத நிறுவனம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "எங்கள் ஆபீஸ் டெல்லியில், அங்கே வந்து கேஸ் போடுங்கள்" என்பார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே உதவி கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். கவரைக் கிழித்துப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரை உள்ள கவர், கடிதம், சுரண்டிய அட்டை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர்கள் பேசிய நம்பர், தேதி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

வீட்டில் பெரியவர் ஏமாந்திருந்தால் அவரைத் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த கடிதத்தை மறைத்து வைப்பார். அடுத்தது வரும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம், ஏனென்றால் ஒருமுறை பணம் கட்டியவரின் விலாசத்துக்கு மதிப்பு அதிகம். சில மாதம் கழித்து ஒரு "வக்கீல் அலுவலகம்" அல்லது "நுகர்வோர் மீட்பு மையம்" என்ற பெயரில் கடிதமோ போனோ வரும். நீங்கள் இழந்த தொகையைப் பைசா சுத்தமாகச் சொல்லும், மீட்டுத் தருகிறோம், ஃபைல் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று கேட்கும். அந்தத் தொகை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பெரியவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்தக் கடிதத்தையும் அதே பையில் சேர்த்து, புகார் கொடுத்த இடத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.